இரைச்சலுக்குள் இருக்கும் போக்குவரத்துக் கணக்கு

சென்னையில் பத்து இடங்களில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒலி கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. எழும்பூர் கண் மருத்துவமனை, தியாகராய நகர், பெரம்பூர், கிண்டி, திருவல்லிக்கேணி என்று 2011-இல் ஐந்து இடங்களில் தொடங்கினார்கள். பின்னர் பள்ளிக்கரணை, வேளச்சேரி, வண்ணாரப்பேட்டை, அண்ணா நகர், சௌகார்பேட்டை ஆகியவை சேர்ந்தன. நாட்டின் ஏழு பெருநகரங்களில், நகருக்குப் பத்து வீதம், மொத்தம் 70 நிலையங்கள். உயரத்தில் பஞ்சுறை மாட்டிய ஒரு மைக், அதோடு இணைந்த ஒரு பெட்டி. அவ்வளவுதான் கருவி. அதைக் கடந்து போகும் ஒவ்வொரு பேருந்தும், ஆட்டோவும், தண்ணீர் லாரியும் தன் குரலை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. பெட்டி எல்லாக் குரலையும் ஒன்றாகக் கலந்து, ஒற்றை எண்ணாக்கி, டெசிபல் என்று எழுதி வைக்கிறது.

அந்த எண்ணை வைத்து நாம் என்ன செய்திருக்கிறோம்? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் உச்சவரம்பு. வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம். அங்கே 50, 40. வரம்பு மீறப்பட்டதாக அறிக்கை வரும். தீபாவளிக்கு மறுநாள் செய்தித்தாளில் ஒரு பெட்டிச் செய்தி வரும். பிறகு அடுத்த தீபாவளி. மீறியது யார், எதனால், எந்த மணியில், எத்தனை வண்டிகள் என்ற கேள்விகளுக்கு அந்த எண்ணிடம் பதில் இல்லை.

பதில் அந்த ஒலியில் இருந்தது. அதை நாம் தினமும் வீணடிக்கிறோம் என்பதே என் குறை. சாலையோரம் ஒரு மைக்கை வைத்து, அதில் விழும் ஒலியைப் பகுத்தால், சாலை ஓடுகிறதா, ஊர்கிறதா, நிற்கிறதா என்பது தெரியும். எந்த வகை வண்டிகள் எந்த விகிதத்தில் போகின்றன என்பதும், ஓரளவுக்கு எத்தனை என்பதும் தெரியும். இது நாளை நடக்கப்போகிற அதிசயம் அல்ல. இந்திய ஆய்வாளர்களே பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தியச் சாலைகளை மனத்தில் வைத்துச் செய்து காட்டிய வேலை. அரசு அமைப்புகள்தான் இன்னும் அதைக் கையில் எடுக்கவில்லை.

வண்டிகளை எண்ணுவது ஏன் அவ்வளவு முக்கியம்? மேம்பாலம் கட்டுவது, சாலையை அகலப்படுத்துவது, ஒருவழிப் பாதையாக்குவது, சிக்னலில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை விநாடி பச்சை என்பது எல்லாமே அந்த எண்ணில் தொடங்குகின்றன. அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். நகருக்கு வெளியே உள்ள சாலைகளில் ஆண்டுக்கு இருமுறை, தொடர்ந்து ஏழு நாள், 24 மணி நேரமும் எண்ண வேண்டும் என்று 1972-இலேயே இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி வகுத்தது. நகருக்குள் பெரும்பாலும் ஒரு திட்டம் வரும்போதுதான் கணக்கெடுப்பு வருகிறது. சர்வே நிறுவனம் கல்லூரி மாணவர்களை நாள் கூலிக்கு அழைத்துவரும். சந்திப்பின் ஒவ்வொரு முனையிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் அட்டை, அட்டையில் கட்டம் போட்ட தாள். டூவீலருக்கு ஒரு பத்தி, ஆட்டோவுக்கு ஒரு பத்தி, காருக்கு, பேருந்துக்கு, லாரிக்கு, சைக்கிளுக்கு. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே அடிக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒரு தாள் மாற்ற வேண்டும். பச்சை விழுந்ததும் ஒரே வீச்சில் நாற்பது ஐம்பது பைக்குகள் சிதறி ஓடும்போது அந்தப் பையன் என்ன செய்வான்? உத்தேசமாக எட்டுக் கட்டு போடுவான். அவனைக் குறை சொல்ல ஏதுமில்லை. வெயிலில் எட்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். இப்போது கேமரா வைத்துப் படம்பிடித்து எண்ணுவதும் நடக்கிறது. ஆனால் அதுவும் சில நாள் கணக்குதான்.

எண்ணிய பிறகு அதைக் கார் அலகாக மாற்றுவார்கள். நகரச் சாலைகளுக்கான 1990-ஆம் ஆண்டு வழிகாட்டியில் ஒரு கார் ஒன்று என்றால், டூவீலர் அரையிலிருந்து முக்கால், ஆட்டோ 1.2-இலிருந்து 2, பேருந்தும் லாரியும் 2.2-இலிருந்து 3.7 வரை. அந்த வகை வண்டி சாலையில் எவ்வளவு சதவீதம் என்பதைப் பொறுத்து இந்த மதிப்பு மாறும். அப்படியானால் வகைப் பிரிப்பில் நேரும் பிழை, இறுதித் தொகையில் இன்னும் பெரிதாகும். சில நாள் வெயிலில் போட்ட கோடுகள், ஒரு பகுதியின் மரங்களையும் கடைகளையும் நடைபாதைகளையும் பல பத்தாண்டுகளுக்குத் தீர்மானிக்கின்றன.

கூகுள் மேப்ஸ் இருக்கிறதே, சாலை சிவப்பா பச்சையா என்று நொடியில் சொல்கிறதே என்று கேட்பார்கள். அது சொல்வது வேகம். எத்தனை வண்டி, என்ன வண்டி என்று அது சொல்வதில்லை. 2020-இல் சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மானியக் கலைஞர் 99 கைபேசிகளை ஒரு சிறு கைவண்டியில் போட்டு பெர்லின் தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். காலியாகக் கிடந்த தெரு வரைபடத்தில் நெரிசலாகச் சிவந்தது. அந்தச் செயலியைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. கைபேசிகள் எங்கே இருக்கின்றன என்பதும், சாலையில் என்ன ஓடுகிறது என்பதும் வேறு வேறு. தவிர, அந்தத் தரவு ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சொந்தம். ஒரு மாநகரம் தன் சாலையின் கணக்குக்கு அதை நம்பி நிற்கக் கூடாது.

சாலைக்கு அடியில் கம்பிச் சுருளைப் புதைத்து, மேலே போகும் உலோகத்தை உணர்ந்து எண்ணும் முறை மேலை நாடுகளில் பல காலமாக இருக்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: வண்டிகள் தடத்தில் போக வேண்டும், சாலையைத் தோண்டாமல் இருக்க வேண்டும். நம் ஊருக்கு எது பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஒலிக்கு வருவோம். முதலில், டெசிபல் மட்டும் ஏன் போதாது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பிரிட்டனில் 1988-இல் வெளியிட்ட சாலை இரைச்சல் கணக்கீட்டு முறையில், 75 கி.மீ. வேகத்தில் கனரக வாகனமே இல்லாமல் மணிக்கு 1,000 வண்டிகள் ஓடினால் அடிப்படை ஒலி அளவு 72.2 டெசிபல். அதுவே 2,000 ஆனால் 75.2. வண்டிகள் இரட்டிப்பானால் மூன்றே டெசிபல்தான் கூடும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டு, டெசிபலிலிருந்து வண்டி எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கப் பார்த்தால் ஆபத்து புரியும்: அளவீட்டில் ஒரு டெசிபல் பிசகினால் எண்ணிக்கையில் கால் பங்கு பிசகும். மூன்று டெசிபல் பிசகினால் பாதி, அல்லது இரட்டிப்பு.

நம் சாலையில் இதோடு ஹாரனும் சேர்கிறது. மைக்கில் 100 டெசிபலாகப் பதியும் ஒரு ஹாரன், ஒரு மணி நேரத்தில் மொத்தமே பத்து விநாடி ஒலித்தது என்று வைத்துக்கொள்வோம். மீதி 59 நிமிடம் 50 விநாடியும் ஊரே அடங்கிக் கிடந்தாலும், அந்த மணி நேரத்தின் சராசரி 74 டெசிபலைத் தாண்டிவிடும். ஆக, தியாகராய நகரில் 74 என்று ஒரு மணி நேரம் பதிவானால், அது ஆயிரக்கணக்கான வண்டிகளின் ஓட்டமாகவும் இருக்கலாம். ஒரு தனியார் பேருந்தின் ஏர் ஹாரனாகவும் இருக்கலாம். முன்னதற்கு மருந்து போக்குவரத்துத் திட்டமிடலில் இருக்கிறது. பின்னதற்கு மருந்து போக்குவரத்துக் காவலரின் கையில் இருக்கிறது. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. எந்த நோய் என்று சொல்லாத அளவீட்டால் எந்த மருந்தையும் எழுத முடியாது.

சாலையின் ஒலி ஒரே ஒலி அல்ல. கச்சேரி கேட்டுப் பழகியவர் மிருதங்கத்தையும் வயலினையும் தனித்தனியே கேட்பதுபோல் இதையும் பிரித்துக் கேட்கலாம். அண்ணா சாலையில் ஏதாவது ஒரு சிக்னலில் ஓரமாக நின்று, ஒரு சுற்று முழுக்கக் காதை மட்டும் கொடுத்துப் பாருங்கள். சிவப்பு விழுந்ததும் முதலில் கேட்பது பிரேக். மாநகரப் பேருந்தின் ஏர் பிரேக் ‘புஸ்’ஸென்று காற்றை விடும். பிறகு எஞ்சின்கள் சும்மா ஓடும் முனகல். டிஜிட்டல் பலகையில் 90 விநாடி என்று தெரிந்தால் பாதிப் பேர் வண்டியை அணைத்துவிடுவார்கள். அப்போது எங்கோ ஒரு புல்லட் மட்டும் தடதடத்துக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்கும். எண்ணிக்கை பத்துக்குள் வந்ததும் செல்ஃப் ஸ்டார்ட்டர்களின் கிர்ர் ஒவ்வொன்றாகத் தொடங்கும். ஐந்து, நான்கு என்று வரும்போது பின்வரிசையிலிருந்து ஹாரன். பச்சை விழுந்ததும் முதல் கியரின் இரைச்சல் அலைபோல் எழுந்து, இரண்டாவது மூன்றாவது கியருக்கு மாறி இறங்கும். கூட்டம் கலைந்து வண்டிகள் வேகம் பிடித்தபின், எஞ்சின் ஒலி பின்னுக்குப் போய், தார்ச் சாலையில் டயர் உரசும் சீரான ஓசை மேலெழும். கார்களுக்கு ஏறத்தாழ 30, 40 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் எஞ்சினைவிட டயரின் ஒலியே ஓங்கும்.

இந்தச் சுற்றில் ஒரு கவனிக்க வேண்டிய செய்தி உண்டு. ஹாரன் வந்தது வண்டி ஓடும்போது அல்ல, நின்றுகொண்டிருந்தபோது. அதுவும் பின்வரிசையிலிருந்து. எனவே ஹாரன் அதிகம் கேட்பதால் வண்டிகள் அதிகம் கடந்து போகின்றன என்று கொண்டால் தவறு. வரிசை நீண்டுவிட்டது, பொறுமை போய்விட்டது என்பதற்குத்தான் அது சாட்சி. டயர் ஒலி ஓங்கினால் ஓட்டம். எஞ்சின் முனகலும் ஹாரனும் ஓங்கினால் அடைப்பு. ஒவ்வோர் ஒலிக்கும் அதிர்வெண்களின் தனிப் பாங்கு உண்டு. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் மனிதக் குரலைப் பகுக்கப் பயன்படுத்தும் அதே கணித முறையால் இந்தப் பாங்குகளையும் பிரித்துவிடலாம்.

ஐபிஎம் ஆய்வகத்தின் இந்தியப் பிரிவைச் சேர்ந்த விவேக் தியாகி, சிவகுமார் கல்யாணராமன், ரகுராம் கிருஷ்ணபுரம் ஆகியோர் இதைத்தான் செய்தார்கள். 2012-இல் வெளியான அவர்களின் ஆய்வில் சாலையோரம் ஒரே ஒரு மைக். தனித்தனி வண்டியைத் தேடாமல், மொத்த ஒலிக் கலவையைக் கேட்டுச் சாலை எந்த நிலையில் இருக்கிறது என்று கணினி சொல்ல வேண்டும். 20 முதல் 30 விநாடி கேட்டால் போதும், ஏறத்தாழ 95 சதவீதம் சரியாகச் சொன்னது. தடம் பிடித்து ஓட்டாத, குழப்பமான போக்குவரத்துள்ள நாடுகளுக்குக் கம்பிச் சுருள் போன்ற முறைகள் உதவாது என்பதையே அவர்கள் காரணமாக முன்வைத்தார்கள். நம் சாலையின் ஒழுங்கின்மையைக் குறையாகப் பார்த்து ஒதுக்காமல், அதற்கேற்ற கருவியைத் தேடிய மனப்பான்மை எனக்கு மிகவும் பிடித்தது.

அதற்கும் முன்பே, 2008-இல், பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தினர் கைபேசியின் உணர்விகளைக் கொண்டு பள்ளங்களையும் பிரேக்குகளையும், அதன் மைக்கைக் கொண்டு ஹாரனையும் கண்டறிந்தார்கள். 2010-இல் மும்பை ஐஐடியைச் சேர்ந்த ரிஜுரேகா சென், பாஸ்கரன் ராமன் குழுவினர் ஹாரனிலிருந்தே வேகத்தைக் கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். லாரிகளின் பின்புறம் எழுதியிருக்குமே, ‘ஹார்ன் ஓகே ப்ளீஸ்’, அதுதான் அந்த ஆய்வுக் கட்டுரையின் பெயர். முறை எளிமையானது. நெருங்கி வரும் ஹாரன் கூர்மையாகவும், விலகிப் போகும் ஹாரன் தணிந்தும் கேட்கும் என்பது பள்ளியில் படித்த டாப்ளர் விளைவு. சாலையோரம் இடைவெளி விட்டு இரண்டு மைக்குகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டி ஹாரன் அடிக்கிறது. முன்னால் இருக்கும் மைக்குக்கு அது நெருங்கி வரும் ஒலி. பின்னால் இருப்பதற்கு விலகும் ஒலி. 3,000 ஹெர்ட்ஸ் ஹாரனோடு 36 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, முன் மைக்கில் சுமார் 3,091 ஹெர்ட்ஸாகவும் பின் மைக்கில் 2,914 ஹெர்ட்ஸாகவும் கேட்கும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஒலியின் வேகத்தால் பெருக்கினால் வண்டியின் வேகம் கிடைத்துவிடும். ஹாரனின் சொந்த அதிர்வெண் எவ்வளவு என்று தெரிந்திருக்கவே வேண்டாம். யார் வண்டி, என்ன வண்டி என்பதும் வேண்டாம். நம்மைத் தொல்லைப்படுத்தும் ஒன்றையே அளவுகோலாக மாற்றிய அறிவு இது.

அண்மையில் ஐரோப்பாவில் இந்தத் துறை வேகம் பிடித்திருக்கிறது. ஜெர்மனியின் இல்மெனாவ் நகரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் நிறுவனம், கடந்து போகும் வண்டிகளின் 4,000-க்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகளை 2021-இல் ஆய்வாளர்களுக்குத் திறந்து கொடுத்தது. ஒலியறிவுத் துறையினர் ஆண்டுதோறும் நடத்தும் டிகேஸ் போட்டியில் 2024-இல் போஷ் நிறுவனம் ஒரு தேர்வு வைத்தது. ஒரே வரிசையில் நான்கு மைக்குகள். ஒரு நிமிட ஒலியைக் கேட்டு, அந்த நிமிடத்தில் எந்தத் திசையில் எத்தனை கார், எத்தனை வணிக வாகனம் போனது என்று சொல்ல வேண்டும். திசை எப்படித் தெரியும்? இடமிருந்து வரும் வண்டியின் ஒலி இடது மைக்கை முதலில் தொடும். இருபது சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு மைக்குகளுக்கு இடையே அந்த முந்துதல் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் கணினிக்கு அது போதும். வண்டி கடக்கும்போது முந்துதல் பிந்துதலாக மாறும். அந்த மாற்றத்தை எண்ணினால் வண்டிகளை எண்ணியதாகும்.

போட்டியில் எத்தனை வகை வண்டிகள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு. கார், வணிக வாகனம். டூவீலரே இல்லை. இல்மெனாவ் ஒலிகளைக் கேட்டுப் பழகிய கணினியைக் கொண்டுவந்து மிண்ட் தெருவில் வைத்தால் அது திணறிப்போகும். மீன்பாடி வண்டியின் எஞ்சின் அதற்குத் தெரியாது. குட்டி யானை தெரியாது. கூரை அதிர ஷேர் ஆட்டோ கிளம்பும் ஒலி தெரியாது. சைலன்சரைக் கழற்றிய பைக்கை அது லாரி என்றே கணக்கில் எழுதக்கூடும். இங்கே ஐந்து வண்டிகள் ஒரே நேரத்தில், ஒன்றின் முதுகில் இன்னொன்றாக, எந்தத் தடமும் இல்லாமல் கடக்கும். ஒவ்வொன்றாக எண்ணும் ஐரோப்பிய முறை அப்படியே செல்லாது. இறக்குமதிப் பெட்டியை டெண்டர் விட்டு வாங்கி மாட்டினால் வேலை முடிந்துவிடும் என்று நினைக்கும் அதிகாரிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்ல விரும்புகிறேன். நம் சாலையின் ஒலியை நாமே சேகரித்து, நாமே பெயரிட்டு, நம் கணினிக்கு நாமே கற்றுத்தர வேண்டும். மழைக்காலத்தையும் சேர்த்துத்தான். ஈரச் சாலையில் டயரின் ஒலி மாறிவிடும். மைக்கில் அடிக்கும் காற்றும் மழையும் தனி இரைச்சல். வடகிழக்குப் பருவமழையைக் கேட்காத கருவி அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்குப் பயன்படாது.

ஒலியைக் கொண்டு சிக்னலையே இயக்கிவிடலாமே என்ற ஆசை அடுத்து வரும். இங்கே நிதானம் தேவை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1928-இலேயே சார்லஸ் ஆட்லர் என்பவர் அப்படி ஒரு சிக்னலை அமைத்தார். கம்பத்தில் மைக், கிளைச் சாலையிலிருந்து வருபவர் நின்று ஹாரன் அடித்தால் விளக்கு மாறும். போக்குவரத்தை உணர்ந்து மாறும் சிக்னல்களின் வரலாற்றில் மிகத் தொடக்கத்தில் நிற்பது ஒரு காதுதான். ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து மும்பைக் காவல் துறை அதை நேர்மாறாகச் செய்தது. 2019-இன் இறுதியில் சில சந்திப்புகளில் டெசிபல் மீட்டரை சிக்னலோடு இணைத்தார்கள். காத்திருப்பவர்களின் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். 2020 ஜனவரியில் வெளியிட்ட அந்தக் காணொளியை நாடே பார்த்து ரசித்தது.

நானும் ரசித்தேன். ஆனால் நிரந்தர ஏற்பாடாக இரண்டையுமே ஏற்க மாட்டேன். முதலாவது சத்தம் போடுபவருக்கு வழிவிடுகிறது. இரண்டாவது, பின்வரிசையில் ஒருவர் அடித்த ஹாரனுக்காக வாயைத் திறக்காத ஐம்பது பேரையும், நடுவில் மாட்டிய ஆம்புலன்ஸையும் நிறுத்திவைக்கிறது. ஒலி சாட்சி சொல்லட்டும். தீர்ப்பு எழுதும் வேலையை அதனிடம் கொடுக்க வேண்டாம். எந்த மணியில் எந்தத் திசை அடைபடுகிறது என்பதை மாதக்கணக்கில் சேர்த்து வைத்து, அதன்படி சிக்னல் நேரத்தைப் பொறியாளர்கள் திருத்தட்டும்.

இந்த யோசனைக்கு எதிராக வரக்கூடிய மறுப்புகளில் மிகக் கனமானது அந்தரங்கம் பற்றியது. தெருவில் அரசு மைக் வைத்தால் மக்கள் பேசுவதையும் அது கேட்குமே? கேட்கும். பேச்சின் அதிர்வெண்ணை மட்டும் வெட்டிவிடுகிறோம் என்று யாராவது எளிதாகச் சமாதானம் சொன்னால் நம்ப வேண்டாம். தொலைபேசிக் குரல் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. டயர் ஒலி உச்சத்தில் இருப்பது 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி. இரண்டும் ஒரே இடத்தில் வசிக்கின்றன. பேச்சை வெட்டினால் சாலையும் போய்விடும்.

அதனால் காப்பு வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஒலியைப் பதிவு செய்து எங்கேயோ உள்ள சர்வருக்கு அனுப்பும் கருவியை அனுமதிக்கவே கூடாது. கம்பத்திலுள்ள சிறு கணினியே கேட்டு, பகுத்து, விநாடிக்கு ஒருமுறை ஒவ்வோர் அதிர்வெண் பட்டையிலும் எவ்வளவு ஆற்றல் என்று சராசரியை எடுத்துக்கொண்டு, மூல ஒலியை அப்போதே அழித்துவிட வேண்டும். ஒரு விநாடிச் சராசரிகளிலிருந்து யாராலும் ஒரு சொல்லைக்கூட மீட்டெடுக்க முடியாது. கம்பத்திலிருந்து வெளியே போக வேண்டியது சில எண்கள் மட்டுமே: இந்த நிமிடத்தில் இத்தனை டூவீலர், இத்தனை கனரக வாகனம், சாலை நிலை இது. பயிற்சிக்காகக் கொஞ்சம் ஒலியைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. 2016-இல் தொடங்கிய நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நகர ஒலி ஆய்வில், தொடர்ச்சியாகப் பதிவு செய்யாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து விநாடித் துண்டுகளைத்தான் சேமித்தார்கள். இன்னோர் ஆபத்தும் உண்டு. பாரிஸ் வட்டாரத்தில் இரைச்சலான வண்டிகளை அடையாளம் காணச் சோதனையாகத் தொடங்கிய ஒலிக் கருவியோடு, பின்னாளில் நம்பர் பிளேட்டைப் பிடிக்கும் கேமராவும் சேர்ந்து அபராதச் சோதனை என்றானது. ஒரு நோக்கத்துக்கு வைத்த கருவி இன்னொன்றுக்கு நகர்வது அவ்வளவு இயல்பானது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே எதற்காக வைக்கிறோம், எதற்குப் பயன்படுத்த மாட்டோம் என்பதைக் கம்பத்தில் மாட்டும் முன் ஆணையாக வெளியிட வேண்டும். அதைச் செய்தால், ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் ஓட்டுநரின் முகத்தையும் படம்பிடிக்கும் கேமராவைவிட, யாரென்றே தெரியாமல் எண்ணும் இந்தக் காது குடிமக்களுக்கு எவ்வளவோ பாதுகாப்பானது.

இன்னொரு மறுப்பை நானே எழுப்பியாக வேண்டும். சத்தம் போடாதவர்களை ஒலிக் கணக்கு விட்டுவிடும். மின்சார ஸ்கூட்டர்களை ஒசூரிலும் போச்சம்பள்ளியிலும் நாமே தயாரித்து நாட்டுக்கு அனுப்புகிறோம். மெதுவாகப் போகும்போது அவை காதுக்குத் தப்பிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் புதிய மின் கார்கள் எல்லாம் 20 கி.மீ. வேகம் வரை செயற்கை ஒலி எழுப்பியாக வேண்டும்; அது பாதசாரிகளின் பாதுகாப்புக்காக. வேகம் கூடினால் டயர் ஒலியே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மின் வாகனங்களின் சிக்கல் ஓரளவுக்குத் தீரும். சைக்கிளில் போகும் காவலாளியும், பள்ளிக் குழந்தையைக் கைப்பிடித்துச் சாலையைக் கடக்கும் பாட்டியும் எந்த மைக்கிலும் பதிய மாட்டார்கள். ஏற்கெனவே நம் திட்ட அறிக்கைகளில் நடப்பவர்களுக்கு இடம் குறைவு. ஒலி எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு சந்திப்பை வடிவமைத்தால் அநியாயம் கூடத்தான் செய்யும். நடப்பவரையும் சைக்கிளையும் மனிதக் கண்தான் எண்ண வேண்டும். ஆகவே அட்டையோடு நாற்காலியில் உட்காரும் அந்த இளைஞர்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. ஓடும் பைக்குகளை மைக்கிடம் விட்டுவிட்டு, அவர்களை நடைபாதையின் பக்கம் திருப்பி உட்கார வையுங்கள் என்கிறேன்.

இதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். சிறு பலகைக் கணினியும் தரமான மைக்கும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைக்கின்றன. கம்பம், மின்சாரம், வானிலையைத் தாங்கும் உறை, பராமரிப்பு ஆள் எல்லாம் அந்தப் பத்து நிலையங்களிலும் ஏற்கெனவே உண்டு. ஐஐடி மெட்ராஸில் நகர்ப்புறப் போக்குவரத்துக்கென்றே ஒரு சிறப்பு மையம் இருக்கிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் போக்குவரத்துப் பொறியியல் பிரிவு இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாநகராட்சி, போக்குவரத்துக் காவல் துறை மூன்றும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதுதான் உண்மையான தடை. ஒலி ஒருவருக்கு, சாலை ஒருவருக்கு, சிக்னல் ஒருவருக்கு என்று பிரிந்து கிடப்பதால், ஒருவர் கையில் இருக்கும் தகவல் மற்றவருக்கு எட்டுவதில்லை.

பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தியாகராய நகர் நிலையமே போதும். அந்த மைக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மைக்கைப் பொருத்தி, ஓர் ஆண்டு முழுக்க, ஆடித் தள்ளுபடிக் கூட்டம், தீபாவளி நெரிசல், மழை, பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் கேட்கட்டும். மாதம் ஒரு நாள் அதே இடத்தில் ஆட்களைக் கொண்டும் எண்ணி இரண்டையும் ஒப்பிடுங்கள். எங்கே பொருந்தியது, எங்கே பிசகியது என்பதை மறைக்காமல் இணையத்தில் போடுங்கள். சராசரி டெசிபலோடு, அதில் ஹாரனின் பங்கு எவ்வளவு, எஞ்சினின் பங்கு எவ்வளவு என்பதையும் வாரியம் வெளியிடட்டும். ஓர் ஆண்டில் பலன் இல்லையென்றால் கைவிட்டுவிடலாம். பெரிய இழப்பு ஏதுமில்லை.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பகுதியில் மேம்பாலம் என்றோ சாலை விரிவாக்கம் என்றோ அறிவிப்பு வந்தால், எந்தெந்த நாளில், எத்தனை மணி நேரம், எந்த முனையில் நின்று வண்டிகளை எண்ணினீர்கள், நடந்து கடப்பவர்களை எண்ணினீர்களா என்று கேட்டு, அந்தக் கணக்கெடுப்புத் தாள்களின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோருங்கள். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். 30 நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.